இரண்டு தட்டு

மூக்காண்டியின் மஞ்சள் வேன் தெருவுக்குள் பின்பக்கமாக வருகிறது என்றால் அதை யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பின்பக்கத் தகரத்தில் சுந்தரம்மாளின் உள்ளங்கை விழுகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஓங்கி ஒரே தட்டு என்றால் நில். அந்த வேனுக்கும் அதை ஓட்டுகிறவருக்கும் இதைவிட்டால் வேறு பாஷை கிடையாது.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிற தெருக்களில் வாய்க்கு மரியாதை இல்லை. வீட்டுக்கு வீடு தறி டடக்கு டடக்கென்று அடித்துக்கொண்டிருக்கும்போது புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூடக் கையை ஆட்டித்தான் போட்டாக வேண்டும். வேன் வாங்கின புதிதில் சுந்தரம்மாளும் 'வரட்டும், வரட்டும்' என்று தொண்டை கட்டுகிற மட்டும் கத்திப் பார்த்தாள். மூக்காண்டிக்கு ஒன்றும் எட்டவில்லை. ஒருநாள் அவர் ஒரு வீட்டு வாசல்படியில் சக்கரத்தை ஏற்றிவிட, அந்த வீட்டுக்காரி கையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டி ஏசினாள். அன்றைக்குத்தான் சுந்தரம்மாள் வாயை மூடிவிட்டுத் தகரத்தில் கையை வைத்தாள். அதற்குப் பிறகு வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்கு வேனில் கட்டாயம் ஒரு பெண் ஆள் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, "வீட்டுலயே ஆள வச்சிக்கிட்டு வெளிய எதுக்குத் தேடணும்?" என்று மூக்காண்டி அவளைக் கூட்டி வந்தார். அதற்கு முன்னால் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து தறிக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கையில் நூல், காதில் தறி, எதிரே சுவர். விடிந்தால் அதே சுவர், அடைந்தால் அதே சுவர். வேனில் ஏறிய பிறகுதான் ஊர் என்று ஒன்று இருப்பதே தெரிந்த மாதிரி இருந்தது. குருவிகுளம் ரோட்டில் மக்காச்சோளம் எந்த மட்டத்துக்கு வந்திருக்கிறது, உளுந்தம்பருப்பு என்ன விலை, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினாள், எல்லாம் காலையில் ஏழரைக்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் அவளை 'வேனம்மா' என்றார்கள். அவர்களுடைய தாய்மார்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் ரேஷன் கடைக்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார். அவளுக்கு அது பிடித்திருந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, போன ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும். வேனுக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று தடங்கலில்லாமல் கிடைத்தால் கோவிலை நூற்றெட்டுத் தடவை ஆடிச்சுற்று சுற்றுகிறேன் என்று சங்கரநாராயணருக்கு நேர்ந்திருந்தாள். எஃப்.சி. கிடைத்தது. கொடியேறியதும் ஆயிரம் பேரோடு அவளும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கோவிலைச் சுற்றினாள். நூற்றெட்டையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒருத்தி முந்திப் போனாள் என்பதற்காக இவளும் வேகத்தைக் கூட்டினாள். சுற்று முடிந்தது, வலது முழங்கால் போய்விட்டது.

அதை அவள் மூக்காண்டியிடம் சொல்லவில்லை. மூக்காண்டி கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் வம்பே. பாசம் பொங்கினால் அவரைத் தடுக்க முடியாது. அவருடைய அம்மா ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே கட்டில் வாங்கிப் போட்டு, 'நீ அசையாதம்மா' என்று உட்கார வைத்தவர், அந்த மனுஷியைக் கடைசிவரைக்கும் இறங்கவே விடவில்லை. முழங்கால் விஷயம் தெரிந்தால் தன்னையும் அப்படித்தான் அன்பாக உட்கார வைத்துவிடுவார் என்று சுந்தரம்மாளுக்குத் தெரியும். மறுபடியும் தார், தறிச்சத்தம், சுவர். 

ஆகையால் அவர் பார்க்கிற இடத்தில் எல்லாம் நிமிர்ந்து நடந்தாள். வேனுக்குப் பின்னால் ஒரு பத்தடி இடம் உண்டு. இரண்டு பக்கக் கண்ணாடியிலும் விழாத இடம். அங்கே போய்ச் சாவகாசமாக நொண்டிக்கொள்வாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு 'ஐயோ, யப்பா' என்று இரண்டு வார்த்தை சொல்லி ஆற்றிக்கொள்வாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு தட்டு தட்டுவாள். உலகத்தில் அவளுக்கென்று இருந்த தனி அறை அதுதான்.

பங்குனி மாதம் அந்த அறைக்கு ஜன்னல் வைக்க ஆள் வந்துவிட்டது.

பள்ளிக்கூட வண்டி எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒரு கேமரா, பின் பம்பரில் சென்சார், ஓட்டுகிறவர் முன்னால் ஒரு திரை இருந்தாக வேண்டும். மே மாதம் மைதானத்தில் சோதனை. அதில் தேறாத வண்டி ஜூன் மாதம் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து இப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூக்காண்டி நேராக முகம்மது அப்சல் கடைக்குப் போனார். கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டிக்கொண்டிருந்த அப்சல், இப்போது பாதி ஊருக்குக் கேமரா மாட்டுகிறவனாகிவிட்டான். அவனே வீட்டு வாசலுக்கு வந்து, ஒருநாள் காலை முழுவதும் வேனுக்கடியில் மல்லாந்து கிடந்து வேலையை முடித்தான்.

"அண்ணாச்சி, இந்தா பாருங்க. ரிவர்ஸ் கியரு போட்ட ஒடனே படம் வந்துரும். பச்சக் கோடு வரைக்கும் கவலயில்ல. மஞ்சக் கோட்டுக்கு வந்தா மெதுவா வாங்க. செவப்புக்கு வந்துட்டியன்னா பிரேக்க அமுக்கிருங்க."

"ரோட்டுல நிக்க சிக்னலு மாதிரில்லா இருக்கு" என்றார் மூக்காண்டி. சந்தோஷத்தில் அவருக்கு மீசை துடித்தது.

"பம்பர்ல நாலு பொத்தான் இருக்குல்லா, அதுதான் சென்சாரு. பின்னால ஆளு, மாடு, செவரு எது வந்தாலும் கத்தும். கிட்ட வர வர வேகமாக் கத்தும்."

"எது ஆளு, எது மாடுன்னு அதுக்குத் தெரியுமா வே?"

"அதுக்கு என்னத்துக்கு அண்ணாச்சி அந்த விசாரண? இடிக்கக் கூடாது. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்." அப்சல் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டான். "மைனி, நீங்க ஏறி உக்காருங்க. நான் பின்னால போய் நிக்கேன், எம்புட்டுத் தெளிவாத் தெரியுதுன்னு பாருங்க."

சுந்தரம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். திரையில் அப்சல் நின்றான். தலையிலிருந்து கால் வரைக்கும் நின்றான். அவனுடைய இடது செருப்பு வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்குகூடத் தெரிந்தது.

"எப்படி மைனி?"

"நல்லாத் தெரியுது தம்பி" என்றாள் சுந்தரம்மாள். 

மறுநாள் முதல் பிடித்தது வினை. தெருவுக்குள் வேன் பின்பக்கமாக வர, சுந்தரம்மாள் எப்போதும்போல் இரண்டு தட்டு தட்டினாள். வேன் நின்றது. மறுபடி தட்டினாள். அரை அடி வந்து நின்றது. பிள்ளைகள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, உள்ளே கேட்கிற 'கீ கீ கீ' சத்தத்தைத் தாங்களும் சேர்ந்து பாடினார்கள். அவள் நிமிர்ந்து நடந்து முன்னால் வந்தாள்.

"ஏங்க, நான் பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்கு நிக்கியளே?"

"அது கத்துதுட்டி."

"எதப் பாத்துக் கத்துது?"

"ஒன்னப் பாத்துத்தான்."

"செவரப் பாத்தும் அதே சத்தம், என்னப் பாத்தும் அதே சத்தம். நான் செவரா?"

"நான் எப்பட்டி அப்பிடிச் சொன்னேன்? அது சொல்லுது."

"அது சொன்னாக் கேப்பிய. நான் சொன்னாக் கேக்க மாட்டிய. இத்தன வருசம் எந்தப் பொத்தான் ஒங்களுக்கு வழி சொல்லிச்சு?"

மூக்காண்டி திரையைத் துண்டால் துடைத்தார். அவருக்குத் தன் மனைவி ஒரு பொத்தானைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று தோன்றியது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. விஷயம் சத்தமில்லை, படம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு அவர் பார்த்ததெல்லாம் கோடுகளை மட்டும்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதிலேயே கண்ணாக இருந்தார். ஆனால் எத்தனை நாளைக்கு? கோடு பழகிவிட்டால் அவருடைய கண் ஆள் மேல் விழும். சுந்தரம்மாள் அந்தப் பத்தடிக்குள்ளும் நிமிர்ந்து நடக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் வீடு வந்து சேரும்போது முழங்கால் உளுந்துவடையாக உப்பியிருந்தது.

வழி தானாகத்தான் வந்தது. கோவிலில் புற்றுமண் கொடுப்பார்கள். சொறி சிரங்கிலிருந்து தேள்கடி வரைக்கும் ஊரில் அதுதான் முதல் மருந்து. சுந்தரம்மாள் அதைத் தண்ணீரில் குழைத்து முழங்காலுக்குப் பூசி வந்தாள். விடிவதற்கு முன், மூக்காண்டி பல் விளக்குகிற நேரத்தில், வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து பூசுவாள். ஒருநாள் பூசிவிட்டு எழுந்திருக்க முடியாமல் எதையோ பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிடித்தது நம்பர் பலகைக்கு மேலிருந்த கேமராவை. அன்றைக்குக் காலையில் மூக்காண்டி ரிவர்ஸ் கியர் போட்டால், திரை முழுக்கக் களிமண் நிறம்.

"என்னட்டி இது, படம் மசங்கிப் போச்சு?"

"தூசியா இருக்கும்" என்றாள் சுந்தரம்மாள். சொல்லிவிட்டுப் பின்னால் போய் நிம்மதியாக நொண்டினாள். அன்றைக்கு முழுவதும் அவள் முகம் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் கை தவறிப் படவில்லை. வேண்டுமென்றே கை வைத்துப் பூசினாள். படம் இல்லாததால் மூக்காண்டியும் கத்தலைக் காதில் போடாமல் மறுபடி தட்டுக்கே வண்டியை எடுத்தார். மூன்றாவது நாள் மூக்காண்டி அப்சலைக் கூட்டி வந்தார். அவன் வயரைப் பிரித்தான், திரையைக் கழற்றினான், மாட்டினான். பிறகு பின்னால் போய்க் குனிந்து, கேமராவை விரலால் சுரண்டி மூக்குக்குக் கொண்டுபோனான்.

"அண்ணாச்சி, இது ரோட்டு மண்ணு இல்ல. புத்துமண்ணு."

இருவரும் சுந்தரம்மாளைப் பார்த்தார்கள். அவளுக்கு ஒரு நொடிதான் திக்கென்றது.

"ஆமா, நான்தான் வச்சேன். புதுசா ஒரு கண்ணு வாங்கி வண்டிக்கு வச்சிருக்கோம். ஊரு கண்ணெல்லாம் அது மேல விழுது. அதுக்குக் கண்ணேறு படாதா? சாமி மண்ணத் தொட்டு வச்சேன். தப்பா?"

"மைனி, கண்ணுக்குள்ளயே வச்சா அது எப்படிப் பாக்கும்?"

"நீ மையி போட்டதில்லையா தம்பி?"

அப்சல் மூக்காண்டியைப் பார்த்தான். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. நான் சாமி மண்ண அழிச்சேன்னு நாளைக்கு எவனாவது பேச்சக் கெளப்புவான். நீங்களாச்சு, மைனியாச்சு." சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தான்.

மூக்காண்டிக்கும் சாமி மண்ணை எடு என்று சொல்ல நாக்கு வரவில்லை. "ஓரமா வையேன்ட்டி" என்று மட்டும் கேட்டுப் பார்த்தார். அவளும் சரி என்றாள். வைத்ததென்னவோ நடுவில்தான். போகப் போக அவருக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. புற்றுமண் வைக்க ஆரம்பித்த பிறகு வழியில் ஒரு பஞ்சர்கூட இல்லை என்று ஒருநாள் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். சுந்தரம்மாள் காதில் அது விழுந்தது. பொய் ஒன்று சொன்னால் அது எங்கே போய்க் குடியேறும் என்று யாருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்து, பள்ளிக்கூடம் விடுமுறை விட்டு, சோதனை நாளும் வந்தது. அன்றைக்கு மட்டும் பூசக்கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். வேன் தேறவில்லை என்றால் அவளும் இல்லை, வேனும் இல்லை. ஒரு கால்மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தால் தீர்ந்தது. விடியற்காலையிலேயே கேமராவைத் துணியால் பளிச்சென்று துடைத்து வைத்தாள்.

மூக்காண்டி வேனைக் கழுவி, மாலை போட்டு, கோவில் வாசலில் நிறுத்தித் தேங்காய் உடைத்தார். பிறகு ஒரு சிரட்டை நிறையப் புற்றுமண்ணைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொண்டு பின்னால் போனார்.

"ஏங்க, இன்னைக்கு வேண்டாம்ங்க" என்று சுந்தரம்மாள் பதறினாள்.

"ஏன்?"

அவள் சிரட்டையை வாங்கக் கையை நீட்டினாள்.

"நல்லாருக்கே கத. வெறும் நாளெல்லாம் வச்சே. இன்னைக்குத்தான் முக்கியமான நாளு, இன்னைக்கு வேண்டாங்கியே? பயப்படாத, லென்சு மேல படாம அந்தத் தகட்டுக்கு மேல வக்கேன்."

பெரிய பொட்டாக வைத்தார். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

மைதானம் முழுக்க மஞ்சள் வண்டி. வெயில் காலை ஒன்பது மணிக்கே பிடரியில் அடித்தது. ஒருபக்கம் ஹாரன் சோதனை, ஒருபக்கம் அவசரக் கதவைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம், மோர்ப்பானைக்காரி வேறு கூவிக்கொண்டிருந்தாள். உடன் வந்த பெண்கள் எல்லாரும் தூரத்து வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே புளியங்குடி வண்டியில் வருகிற சுபைதா பேகம் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

"என்னக்கா, கால இழுத்து நடக்கிய?"

"ஒண்ணுமில்ல, சும்மா மடங்கிட்டு."

"யா அல்லா, வீங்கில்லா இருக்கு! வீட்டுல சொன்னியளா?"

"சொன்னா அவுக என்ன உக்கார வச்சிருவாவ சுபைதா. நீ வேற ஆருட்டயும் சொல்லிராத."

"நான் எதுக்குச் சொல்லுதேன்? எங்க வீட்டுலயும் இந்தக் கததான். தல வலிக்குன்னு சொன்னா வேலய விடுன்னுதான் மொதப் பேச்சு. மாத்திர வாங்கித் தாரேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ."

பேச்சின் நடுவில் சுந்தரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மூக்காண்டியின் முறை வந்திருந்தது. காக்கி உடுப்பில் இளவயது ஆய்வாளர் அம்மா ஒருத்தி அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். பின்விளக்கு எரிந்தது. வேன் நகரவில்லை. விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. அப்போதுதான் சுந்தரம்மாள் அதைப் பார்த்தாள். தகட்டுக்கு மேல் வைத்த பொட்டு, நீர்க்கக் கரைத்திருந்ததால் வழிந்து, கேமராவை முழுதாக மூடி, வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தது.

மூக்காண்டி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அவர் முகம் அவ்வளவு தூரத்திலிருந்தும் அவளுக்குத் தெரிந்தது. எஃப்.சி.க்கு நேர்ந்துகொண்டது இந்த முகத்துக்காகத்தான்.

"ஏங்க, மண்ணு! மண்ணு!" என்று கத்தினாள். இருபது ஹாரனுக்கு நடுவில் அவள் குரல் எங்கே ஏறும்? ஆய்வாளர் அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைக்கப் போனாள்.

சுந்தரம்மாள் ஓடினாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'சங்கரா, நாராயணா' என்று இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டு, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே ஓடினாள். போய்ச் சேர்ந்ததும் முந்தானையில் துப்பி, சாமி மண்ணாயிற்றே என்றுகூடப் பார்க்காமல், தேய் தேய் என்று தேய்த்தாள். கண்ணாடி பளிச்சென்றது. அதில் அவள் முகம் குட்டியாகத் தெரிந்தது.

உள்ளே ஆய்வாளர் அம்மா காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "படம் வந்துருச்சே" என்ற குரல் கேட்டது. பிறகு ஜன்னல் வழியே, "அம்மா, நீங்க அப்படியே திரும்பி நேரா நடந்து போங்க. ஆள் எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியுதுன்னு பார்க்கணும். நான் சொல்ற வரைக்கும் நடங்க. சைடுல ஒதுங்காதீங்க."

பக்கவாட்டில் நழுவிவிடலாம் என்று நினைத்திருந்தவளுக்கு அந்த வழியும் அடைபட்டது. திரும்பினாள். ஒரு அடி வைத்தாள். முழங்கால் தீயாக எரிந்தது. நிமிர்ந்து நடக்க என்னென்னவோ செய்து பார்த்தாள், கால் கேட்கவில்லை. சரி, நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு கையைத் தொடையில் ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து, வேப்பமரத்தைப் பார்த்து நொண்டிக்கொண்டே போனாள். இத்தனை நாள் மறைத்ததெல்லாம் பின்னால் ஒரு சதுரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அழுகை வந்தது.

"போதும், நில்லுங்க. திரும்புங்க. நீங்க வண்டியை எடுங்க."

திரும்பி நின்றாள். வேன் அசையவில்லை.

"எடுங்க அண்ணாச்சி. படம் நல்லாத்தானே தெரியுது?"

வேன் அசையவே இல்லை. மூக்காண்டி திரையைப் பார்த்தபடி இருக்கிறார் என்று சுந்தரம்மாளுக்குப் புரிந்தது. அவர் எதைப் பார்க்கிறார் என்றும் புரிந்தது. இப்படியே விட்டால் கேமரா நன்றாக இருந்தும் ஓட்டுகிறவர் தேற மாட்டார். தட்டலாம் என்றால் தகரம் எட்டாத தூரத்தில் இருந்தது. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, படத்தில் தெரியும்படி, இரண்டு தடவை தட்டினாள்.

வேன் மெதுவாகப் பின்னால் வந்தது. மஞ்சள் கோட்டுக்கு வருவதற்கு முன்பே நின்றுவிட்டது.

"இன்னும் வரலாமே" என்றாள் ஆய்வாளர் அம்மா.

"போதும்மா" என்றார் மூக்காண்டி. 

வண்டி தேறிவிட்டது.  ஊருக்குள் நுழைந்ததும் மூக்காண்டி பிரியாணிக் கடை முன்னால் நிறுத்தி, இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து, குளத்துக்கரைப் புளியமர நிழலில் வேனைப் போட்டார். மணம் வேனை நிறைத்தது. இலையைப் பிரித்துத் தன் இலையிலிருந்த பெரிய துண்டை அவள் இலையில் வைத்தார்.

"எப்பலேருந்து?"

"எது?"

"காலுதான்."

"ஆடிச்சுத்துலேருந்து."

"ஏட்டி, அது போன வருசம்லா! அப்ப அந்தப் புத்துமண்ணு?"

"காலுக்கு வாங்குனது."

"கேமராவுக்குப் பூசுனது?"

"நீங்க பாக்கக் கூடாதுன்னு பூசுனது."

மூக்காண்டி கையில் சோற்றோடு அப்படியே இருந்தார். பிறகு சிரிப்பு வந்தது. வாயிலிருந்ததைத் துப்பிவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அத நம்பி நான் டீக்கடையில பெருமை பேசிட்டு வந்திருக்கேன். ஒரு செரட்ட நெறய கரைச்சு வேற ஊத்திருக்கேன்!" சுந்தரம்மாளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. கண்ணில் நீர் வருகிற மட்டும் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவருடைய கண்ணில் வந்த நீர் மட்டும் நிற்கவில்லை.

"இத்தன வருசமா தட்டு கேக்கும், நான் எடுப்பேன். அந்தக் கையி எங்கன நின்னு தட்டுதுன்னு ஒருநாளும் நெனச்சுப் பாத்ததில்ல. இன்னைக்குப் படத்துல பாக்கேன், எனக்கு நேர் பின்னாலல்லா நிக்கே. அந்தத் தெருவுல வண்டிக்கும் செவருக்கும் எடையில எம்புட்டு எடம் இருக்கு? எங்காலு தவறி அமுக்கியிருந்தா?"

"நீங்க அமுக்க மாட்டிய."

"இனிமே நீ பின்னால போகக் கூடாது."

சுந்தரம்மாள் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டாள். பயந்தது வந்துவிட்டது. "அப்ப நான் தாரு சுத்தணும். செவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதான?"

"யாருட்டி ஒன்னத் தாரு சுத்தச் சொன்னது?"

"ஒங்க அம்மயக் கட்டில்ல வச்ச மாதிரி என்னயும் வச்சிருவியன்னுதான் நான் சொல்லல."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கையை உதறிவிட்டுக் குளத்துப் பக்கம் திரும்பினார். வற்றிய குளத்தில் இரண்டு மாடுகள் நின்றன.

"வச்சேன்தான். தப்புதான்" என்றார் கடைசியில். "ஒன்ன அப்பிடி வக்க மாட்டேன். முன்னால வந்து எம்பக்கத்துல உக்காரு. நான் ரோட்டப் பாப்பேனா, கண்ணாடியப் பாப்பேனா, கோட்டப் பாப்பேனா? பின்னால நின்னு பாத்தத முன்னால உக்காந்து பாரு, கேமராதான் இருக்கே. வாசல்ல இன்னொரு படி தாழ வச்சித் தரச் சொல்லுதேன், பிள்ளைகள ஏத்தி எறக்க லேசா இருக்கும். நாளைக்குக் காலைல மொத வேல ஆஸ்பத்திரி. மண்ணப் பூசுனா முட்டி கேக்குமா?"

"சாமி மண்ணக் கொற சொல்லாதிய" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி இலையில் கையை வைத்தாள். சோறு இன்னும் சூடாகத்தான் இருந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மேல்காற்று வீச ஆரம்பித்து, தென்காசிப் பக்கத்துச் சாரல் இரண்டு தூறலாக இங்கே வரைக்கும் எட்டிப் பார்த்தது. அப்சல் வந்து திரையைச் சுந்தரம்மாள் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டை முழங்காலில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. புதுப் படியில் நின்று பிள்ளைகளை ஒவ்வொருத்தராக ஏற்றினாள். போன வருஷம் அழுதுகொண்டு ஏறினதெல்லாம் இந்த வருஷம் முண்டியடித்து ஏறியது.

கடைசிப் பிள்ளை ஏறியதும் கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். மூக்காண்டி ரிவர்ஸ் கியர் போட்டார். திரை விரிந்தது. ஈரத் தெரு, தறிவீட்டுச் சுவர், தூரத்தில் ஒரு கோழி. பொத்தான்கள் கத்தவில்லை. பச்சைக் கோட்டுக்கு உள்ளே ஒன்றும் இல்லை.

வேன் நகரவில்லை.

"நல்லாத் தெரியுது. ஆளு இல்ல. எடுங்க" என்றாள்.

மூக்காண்டி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் தறி டடக்கு டடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் பிள்ளைகள் பொறுமையிழந்து கூச்சல் போட்டன.

"என்னங்க, எடுக்கலியா?"

"எப்படி எடுக்க? இன்னும் தட்டலயே நீ."

சுந்தரம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கையை ஓங்கி முன்பலகையில் இரண்டு தட்டு தட்டினாள். மேலே ஒட்டியிருந்த சங்கரநாராயணர் படம் ஆடியது. வேன் பின்னால் நகர்ந்தது.